ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா? ஊருக்கும் காட்டுக்கும் போய்வந்த கணக்கை முதலில் எழுதுங்கள்

முதல் தடவை ரத்தம் கொடுக்கப் போன நான் ஊசியைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பினேன். இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவைதான் கட்டிலில் படுக்க விட்டார்கள். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. எங்கே, எப்போது போய்வந்தேன் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை, அண்மையில் வெளிநாடு சென்றீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறி போட்டேன். பொய் சொல்லும் எண்ணமே இல்லை. ஊருக்குத்தானே போய்வந்தேன்! பினாங்கில் நம் வீடுகளில் தமிழ்நாட்டை யார் வெளிநாடு என்கிறார்கள்? பேச்சுவாக்கில் மிசியிடம் (தாதி), போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணம், நல்ல வெயில் என்று சொல்லிவைத்தேன். அவரும் தமிழர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “கல்யாணம் எந்த ஊர்லக்கா?” என்றார். அவ்வளவுதான், வேறொரு தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தத் தேதி கடந்ததும் மறுபடி போனேன். இடையில் தம்பி குடும்பத்தோடு பகாங்கில் காட்டுக்குள் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கியது எனக்கு நினைவிலேயே இல்லை. “காட்டில் தங்கினீங்களா?” என்று கேட்டபோதுதான் உறைத்தது. எந்தத் தேதி என்றார்கள். முழித்தேன்.

முதல் தடவை போகிறவர்கள் இப்படி அலையாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் தேசிய ரத்த மையத்துக்குப் போனாலும், பினாங்கு மருத்துவமனைக்குப் போனாலும், கோயில் மண்டபத்து முகாமில் வரிசையில் நின்றாலும் வேலை ஒன்றுதான்.

1. எதற்காக இத்தனை கேள்வி என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘எப்படியும் ரத்தத்தைச் சோதிக்கத்தானே போகிறார்கள், நான் எதற்கு வாய் திறக்க வேண்டும்?’ பலரும் விழும் பெரிய பள்ளம் இது. கொடுக்கும் ரத்தத்தை எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்குச் சோதிக்கிறார்கள். மலேரியா போன்ற ஒட்டுண்ணிகளுக்கு முதல் வேலி நீங்கள் சொல்லும் பதில்தான்.

காரணம் உண்டு. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்திருக்கும். ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் தேடும்போது, ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 50 கிருமிக்குக் கீழே போனால் வழக்கமான ஆய்வில் கண்ணுக்குத் தப்பிவிடலாம். 450 மில்லிலிட்டர் பைக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள்: 2 கோடியே 25 லட்சம். அத்தனை இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும். நோய் தொற்றுவதற்கோ வெகு சில போதும். பையை ஐஸ் பெட்டியில் வைத்தாலும் அது செத்துப்போவதில்லை. அந்தக் குளிரிலும் பல நாள் உயிரோடு கிடக்கும்.

எனக்குக் காய்ச்சலே இல்லையே என்பீர்கள். மலேரியா உள்ள பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு உடம்பு ஓரளவு பழகிப்போயிருக்கும். கிருமி ரத்தத்தில் இருந்தும் அவர் நன்றாகச் சாப்பிட்டு, வேலைக்கும் போய்வருவார். ரத்தம் ஏற்றி மலேரியா வந்த நிகழ்வுகளில் கொடுத்தவர் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்தான். வைவாக்ஸ் வகை கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து மறுபடி கிளம்பும். மலேரியே என்ற வகை பல்லாண்டுகள் சத்தமில்லாமல் ரத்தத்தில் தங்கிவிடும்.

உங்கள் ரத்தம் போய்ச் சேரும் ஆளையும் யோசியுங்கள். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறுள்ள குழந்தைகள் சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மண்ணீரலையும் எடுத்திருப்பார்கள். மண்ணீரல் இல்லாத உடம்பை மலேரியா போட்டு உலுக்கிவிடும்.

2. பயணக் கணக்கு: வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு இரண்டு சனிக்கிழமை மிச்சம். ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: போன தேதி, வந்த தேதி, இடம், அங்கே இரவில் எங்கே தூங்கினேன். கடந்த மூன்று ஆண்டுக்காவது எழுதுங்கள். மூன்றாண்டு எதற்கென்றால், அமெரிக்க விதிப்படி மலேரியா வந்து குணமானவரும், மலேரியா நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து வந்தவரும் 3 ஆண்டு பொறுக்க வேண்டும். சும்மா சுற்றுலா போய்வந்தவருக்கு அங்கே முன்பு 12 மாதம் இருந்ததை 2020-இல் 3 மாதமாகக் குறைத்தார்கள். ஆனால் இந்த எண்களை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். நாட்டுக்கு நாடு மாறும், விதியும் அவ்வப்போது மாறும். இங்கே நாளைக் கணக்கிட்டுச் சொல்வது மிசியின் வேலை, தேதியைச் சரியாகக் கொடுப்பது நம் வேலை.

எழுதும்போது தவறிப்போகிறவை இவை:

‘ஊர்’. தமிழ்நாடு, கேரளா, காசி எல்லாமே வெளிநாட்டுப் பயணம்தான். சபரிமலைக்கு மாலை போட்டுப் போய்வந்ததும் அதில் சேரும். நாட்டின் பெயரோடு நிறுத்தாமல் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். மலேரியா ஊருக்கு ஊர் வேறுபடும். கிராமத்து ஆற்றங்கரையில்தான் மலேரியா, பட்டணத்தில் இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனோபிலஸ் ஸ்டிபென்சி கொசுவால் பட்டணத்திலேயே மலேரியா வந்த வரலாறு உண்டு. ராமேசுவரமும் அந்தப் பட்டியலில் வெகுகாலம் இருந்த ஊர். இலங்கை வேறு கதை. 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அதை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டது. இரண்டு நாட்டுக்கும் ஒரே பயணத்தில் போனவர்கள் தேதியைத் தனித்தனியாக எழுதவும்.

உள்நாட்டுக் காடு. மலேசியாவில் மலேரியா ஒழிந்துவிட்டதாமே என்று கேட்பவர்கள் உண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகைகளில் 2018 முதல் உள்ளூர்த் தொற்று இல்லை என்பது சரி. ஆனால் குரங்கிலிருந்து காட்டுக் கொசு வழியாக நமக்கு வரும் நோலேசி இன்னும் இருக்கிறது, அதுவும் கொஞ்சமாக இல்லை. சபா, சரவாக்கில் அதிகம், தீபகற்பத்திலும் உண்டு. 2004-இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில்தான் இது மனிதர்களிடம் கூட்டமாக இருப்பது தெரியவந்தது. மற்ற வகைகள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பெருகும். நோலேசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் ஆளைச் சீக்கிரம் சாய்த்துவிடும். ஆகவே மலையேறியது, கூடாரத்தில் தூங்கியது, தாமான் நெகாராவில் இரவு நடை போனது, பூர்வகுடிக் கிராமத்தில் தொண்டு செய்தது, காட்டோரத் தோட்டத்தில் வேலை பார்த்தது, எதையும் விடாமல் எழுதுங்கள்.

தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் குரங்கு இருக்கிறதே, பத்துமலையிலும் இருக்கிறதே, அதையும் எழுதுவதா என்று என் அம்மா கேட்டார். பகலில் சாமி கும்பிட்டுவிட்டு வந்ததற்கு வேண்டாம். இந்த நோயைக் குரங்கு கையால் கொடுப்பதில்லை, காட்டுக் கொசுதான் கொண்டுவருகிறது. ஆனால் தேங்காயைப் பறிக்கிறேன் என்று குரங்கு கீறியோ கடித்தோ இருந்தால் சொல்லியாக வேண்டும். அது வேறு கேள்வியில் வரும்.

தூர தேசம். மகளைப் பார்க்க அமெரிக்கா போய் மாதக்கணக்கில் தங்கிய பெற்றோர் நம்மிடையே நிறைய. அங்கே வடகிழக்கு மாநிலங்களில் உண்ணி கடித்து வரும் பாபேசியா என்ற ஒட்டுண்ணியும் ரத்தத்தில் பரவும். தென் அமெரிக்காவில் சாகஸ் நோய் இருக்கிறது. மூட்டைப்பூச்சியின் பெரியப்பா மகன் மாதிரி ஒரு பூச்சி பரப்புவது, சிகிச்சை இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க உடம்பில் தங்கும். பீகார் பக்கம் இருந்தவர்கள் மணல் ஈ கடித்து வரும் காலா அசார் காய்ச்சல் வந்ததா என்பதையும், யானைக்கால் நோய்க்கு எப்போதாவது மருந்து சாப்பிட்டவர்கள் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

ஐசி (அடையாள அட்டை) கட்டாயம். வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழும் பெர்மிட்டும் வேண்டும். இந்த நாட்டில் எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். முன்பு கொடுத்தவர்கள், ரத்தம் கொடுத்த கணக்கைப் பதியும் சிவப்புப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள்.

குடிமக்களிடம் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை, ஆனாலும் எடுத்துப் போகச் சொல்கிறேன். ஒரு வில்லங்கம் இருக்கிறது: நாம் நாடு திரும்பும்போது ஆட்டோகேட் வழியாக வந்தால் முத்திரை விழுவதில்லை. இந்தியாவில் குத்திய முத்திரை மட்டும் இருக்கும், அதுவும் மை மங்கிப்போய். சபா, சரவாக்குக்கு ஐசியைக் காட்டிப் போயிருந்தால் பாஸ்போர்ட்டில் ஒன்றுமே இருக்காது. அதனால் விமான டிக்கெட் மின்னஞ்சலைத் தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அது இல்லாதவர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களின் தேதியைப் பாருங்கள். என் பகாங் பயணத் தேதி கடைசியில் அப்படித்தான் கிடைத்தது, தம்பி மகன் ஓடையில் விழுந்து எழுந்த படத்திலிருந்து. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் பழையதையும் எடுத்துக்கொள்ளவும்.

சாப்பிடும் மருந்துகளின் அட்டையைப் பையில் போடுங்கள். ‘வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்’ என்றால் யாருக்கு என்ன புரியும்?

4. செலவு, நேரம், உடம்பு

ரத்தம் கொடுக்கக் காசு இல்லை, கொடுத்தாலும் காசு தரமாட்டார்கள். கைச்செலவு போக்குவரத்துதான். தேசிய ரத்த மையம் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிறது, தித்திவங்சா ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே இளைத்துவிடுவீர்கள்.

பாரம் (படிவம்) நிரப்புவது, கேள்வி, விரல் குத்து, ரத்தம், ஓய்வு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரத்தம் இறங்குவது பத்து நிமிடத்துக்குள் முடியும். கோயில் முகாம்களில் அன்னதானம் தொடங்குகிற நேரத்துக்குப் போகாதீர்கள், கூட்டம் நெருக்கும், அந்த நெருக்கத்தில் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல மனம் வராது.

எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. எடையைப் பொறுத்து 350 அல்லது 450 மில்லிலிட்டர் எடுப்பார்கள். முந்தின இரவு ஐந்து மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். விரதத்தில் இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.

விரல் குத்தில் ஹீமோகுளோபின் 12.5 வர வேண்டும். நம் பெண்கள் நிறையப் பேர் இங்கேதான் திரும்பி வருகிறார்கள். மாதவிடாய்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கொக்கிப்புழுவும் குடலில் தொங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் குடிக்கும். அது ரத்தம் ஏற்றுவதால் பரவும் புழு இல்லை, ஆனால் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடும். அளவு தொடர்ந்து குறைவாக வந்தால் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட்தான் கட்டணம்.

5. கேள்வி அறையில்

தனியாக உள்ளே போங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் என்பதால் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த அப்பாவுக்கு மகன் வாசித்துக் காட்டிக் குறி போட்டுவிடுகிறான். அதே பாரத்தில் அந்தரங்கக் கேள்விகளும் இருக்கின்றன. மகன் முன்னால் அப்பா உண்மை சொல்வாரா? கணவர் பக்கத்தில் நிற்கும்போது மனைவி சொல்வாரா? மொழி உதவி வேண்டுமென்றால், தமிழ் பேசும் பணியாளர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள், தப்பே இல்லை.

மிசியின் வாயில் வரும் மலாய்ச் சொற்கள் சில: ஹுத்தான் என்றால் காடு, பெர்கேமா என்றால் கூடாரமிட்டுத் தங்குவது, டெமாம் காய்ச்சல், தங்கு என்றால் தள்ளிப்போடுவது.

மருந்து பற்றிய பொறி ஒன்று உண்டு. பயணத்துக்கு முன் மலேரியாத் தடுப்பு மாத்திரை போட்டுக்கொண்டவர்கள், ‘அதான் மாத்திரை போட்டேனே’ என்று பயணத்தையே சொல்லாமல் விடுகிறார்கள். மாத்திரை போட்டதையும் பயணத்தையும் இரண்டையும் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்து முழுக் காவல் இல்லை, சில சமயம் நோயை அடக்கி, தாமதமாக வெளியே வர வைக்கும். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். பாதியில் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

டிங்கியையும் மலேரியாவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் கொசுவால் வருவதுதான், ஆனால் டிங்கி வைரஸ், பகலில் வீட்டைச் சுற்றிக் கடிக்கும் ஏடிஸ் வேலை. எது வந்தது என்று தெரியாவிட்டால், ‘காய்ச்சல் வந்தது, வார்டில் இத்தனை நாள் இருந்தேன்’ என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பெயர் வைப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியில், சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்து வாங்குவார்கள். படித்துவிட்டுப் போடுங்கள்.

6. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால்

முகம் சுருங்கத்தான் செய்யும். எனக்கும் சுருங்கியது. பின்னால் வரிசையில் நின்ற அத்தை ஒருவர், “என்னம்மா, ஏதாவது நோயா?” என்று சத்தமாகக் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. நோய் இல்லை அத்தை, தேதி.

மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தள்ளிப்போட்டது எந்தப் பயணத்தால், எந்தத் தேதியிலிருந்து கணக்கு, எந்தத் தேதிக்குப் பிறகு வரலாம். நாடு திரும்பிய நாளிலிருந்துதான் எண்ணுவார்கள், போன நாளிலிருந்து இல்லை. இதில்தான் பலர் முன்கூட்டியே வந்து நிற்கிறார்கள். தேதியைக் கைப்பேசி நாள்காட்டியில் அங்கேயே போட்டுவிடுங்கள். துண்டுச் சீட்டு சலவையில் போய்விடும், என்னுடையது போனது.

வேறு முகாமுக்குப் போய் அங்கே சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்களைத் தலசீமியா வார்டு ஒன்றுக்கு ஒருமுறை அழைத்துப் போக வேண்டும்.

7. கொடுத்து முடித்த பிறகு

மைலோவைக் குடித்து, பிஸ்கட்டைத் தின்று, பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். தொலைபேசி எண் உள்ள சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் இந்தப் பகுதியின் முக்கியமான காகிதம். அடுத்த நாள்களில் குளிர் காய்ச்சல் வந்தாலோ, சொல்ல மறந்த பயணம் ஒன்று ராத்திரி தூக்கத்தில் நினைவுக்கு வந்தாலோ, காலையில் அந்த எண்ணுக்கு அழையுங்கள். வெட்கப்பட நேரமில்லை. தட்டணுக்களை 5 நாளுக்குள் யாருக்காவது ஏற்றிவிடுவார்கள், சிவப்பணுப் பை ஐந்தாறு வாரம் வரை இருக்கும். நீங்கள் சீக்கிரம் அழைத்தால் பையை நிறுத்திவைக்க முடியும். ஏற்கெனவே ஏற்றியிருந்தாலும் மருத்துவர் அந்த நோயாளியின் காய்ச்சலை வேறு கண்ணோடு பார்ப்பார்.

உங்களுக்கே காய்ச்சல் என்றால் கிளினிக்கில் ‘நான் காட்டுக்குப் போயிருந்தேன்’ அல்லது ‘ஊருக்குப் போயிருந்தேன்’ என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டிங்கிக்கு மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடக்கூடும்.

8. அடுத்த பயணத்துக்கு முன்

போய்வந்த பிறகு கொடுப்பதற்குப் பதில் போவதற்கு முன் கொடுப்பது. இது எனக்குத் தோன்றவே இரண்டு ஆண்டு ஆனது. முழு ரத்தம் கொடுத்தால் அடுத்ததற்கு எப்படியும் மூன்று மாதம் இடைவெளி விட வேண்டும். ஊர்ப் பயணத்துக்கான காத்திருப்பும் அந்த மூன்று மாதமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நாள் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் கொடுத்துவிட்டுப் பெட்டி தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், ஒரு வாரமாவது விடுங்கள்.

பயணக் கணக்குத் தாளை மடித்துச் சிவப்புப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். மச்சான் கல்யாணம் ஈரோட்டில், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமைக்கு முன்பதிவு போட்டிருக்கிறேன்.